பஸ் வராத படம்

1

ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி பிறந்தவுடன் நாங்கள் ஒரு வாழ்த்து அட்டை வாங்குவோம். கிழக்கு இலண்டனில், பார்க்கிங் என்ற எங்கள் பகுதியின் ஸ்ரேசனுக்கு எதிரே உள்ள கடையில், பூக்கள் மட்டும் அச்சடித்த அட்டை. மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு கோதுமை ஊரில் இருந்த என் மனைவியின் தங்கை வசந்திக்கும் அவள் கணவன் கருணாகரனுக்கும் திருமண நாள் வாழ்த்து. என் கையெழுத்து சீரானது என்பதால் எழுதுவது என் வேலை. விமானத் தபாலுக்கு எட்டு நாள் என்று வைத்து, ஒன்பது நாள் முன்பே பெட்டியில் போட்டுவிடுவேன். 1988 முதல் 1996 வரை ஒன்பது அட்டைகள். ஒன்றும் பிந்தவில்லை.

இந்த வருடம் அட்டை வாங்கவில்லை. போன வருடம் வாங்கியது எழுதப்படாமல் என் மேசை இலாச்சியில் கிடக்கிறது. இன்று காலை ஒரு பேனை தேடியபோது அது கையில் தட்டுப்பட்டது. அதனால் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இலண்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் பனியையும் ஷிப்ட் வேலையையும் பிள்ளைகள் தமிழ் மறந்ததையும் எழுதுவார்கள். எனக்கும் அவை எல்லாம் உண்டு. ஒரு ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய் இரண்டு மணிக்கு வெளியே வருகிறேன். கோப்புகளை இலக்க வரிசையில் வைப்பது என் தொழில். பதினாறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். பார்த்த படங்களுக்கென்று தனியாக ஒரு நோட்டும் உண்டு. ஆனால் இங்கே எழுதப்போவது பதினொரு அவுஸ்திரேலியப் படங்களைப் பற்றி. அவற்றில் ஒன்றையும் நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். அவுஸ்திரேலியர்களே பார்த்திருப்பார்களோ தெரியாது.

2

எங்களுக்குக் கிட்ட, அப்டன் பார்க் பகுதியில் யோசேப்பு அண்ணை என்ற மன்னார்க்காரர் வீடியோக் கடை வைத்திருந்தார். முன்பக்கம் தமிழ்ப் படங்கள், பின்பக்கம் அரிசி மூட்டைகள். 1991 இல், மூடிவிட்டுப் போன ஓர் ஆங்கில வீடியோக் கடையின் பெட்டிகளை அவர் மொத்தமாக எடுத்தார். அதில் ஒரு பெட்டி முழுக்க அவுஸ்திரேலியப் படங்கள். பெரிய கம்பனிகள் எடுத்தவை அல்ல. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து, இரவல் கமராவோடு, தெரிந்தவர்கள் வீட்டில் எடுத்த படங்கள்.

என் மனைவி பவானி அரிசி வாங்க வந்த இடத்தில் அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றைத் தூக்கினாள். அட்டையில் வெறும் நிலமும் ஒரு பெரிய தானியக் களஞ்சியமும்.

"இஞ்சை பாருங்கோ, வசந்தி அனுப்பின படத்திலை இருக்கிறது போலவே கிடக்கு."

யோசேப்பு அண்ணை என்னைப் பார்த்தார். "ஐசே, உதை ஏன் எடுக்கிறீர்? பாட்டில்லை, சண்டையில்லை. எடுத்தவனே இரண்டாந்தரம் பாத்திருக்கமாட்டான்."

"பின்னுக்குத் தெரியிற ஊரைப் பாக்கத்தான் அண்ணை," என்றாள் பவானி.

"ஊர் பாக்கிறதெண்டால் கலண்டர் வாங்கும் பிள்ளை. உதிலை மனிசர் குறுக்கை குறுக்கை வருவினம்."

அவள் சிரித்துக்கொண்டே அதை எடுத்துக்கொண்டு வந்தாள். பவானி ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். மூன்றேகாலுக்குப் படத்தைப் போட்டோம். நோட்டில் நான் எழுதியிருப்பது: "நீளம் 88 நிமிடம். நடிகர் ஐந்து பேர். கதையில் மூன்று வீடுகள், ஆனால் மூன்றிலும் ஒரே மேசைவிரிப்பு. 41ஆம் நிமிடத்தில் மைக்கின் நிழல் சுவரில் தெரிகிறது. மிக மெதுவான படம்."

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கணவன், ஒரு மனைவி. மாலைச் சாப்பாடு. கோழி ஒன்று மூன்று நாளாக முட்டை இடவில்லை என்று அவள் சொல்லத் தொடங்குகிறாள். அவன் எழும்பிப் போய் வானொலியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறான். கமரா அசையவில்லை. அவள் கோழிக் கதையை நிறுத்தவில்லை; குரலைக் குறைத்து, வானொலிக்குச் சொல்வதுபோலச் சொல்லி முடிக்கிறாள். படம் தொடங்கிப் பதினேழு நிமிடத்துக்கு அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதினேன்.

பவானிக்கு அது ஒன்றும் படவில்லை. அவள் மனிதர்களுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தண்ணித் தாங்கியைப் பாருங்கோ. உடுப்புக் காயப்போடுற கம்பி வட்டமாச் சுத்துமெண்டு எழுதினவள், உதுதான்." தங்கையின் வீட்டுக்குள் ஒரு மணித்தியாலம் போய் இருந்துவிட்டு வந்தவள்போல முகம் மலர்ந்திருந்தது.

எனக்கு அந்த மனிதனின் முதுகைத் தெரியும் என்று தோன்றியது. ஒரு சமையலறையில் அதே முதுகுக்குப் பின்னால் இருந்து நான் சாப்பிட்டிருக்கிறேன். நோட்டில் அதை நான் எழுதவில்லை.

படம் முடிவில்லாமல் சட்டென்று நின்றது. "வசந்தி இருந்தால் மிச்சத்தைச் சொல்லியிருப்பாள்," என்றாள் பவானி.

உண்மை. நாங்கள் கலியாணம் முடித்த புதிதில் வசந்திக்குப் பதின்மூன்று வயது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் மட்னி ஷோ பார்க்கப் போனால் அவளையும் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும். சுன்னாகத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் முன் சீற்றில் இருந்து, படம் முடிந்த இடத்திலிருந்து கதையைத் தொடங்குவாள். வில்லன் மறியல் முடிந்து சிறையால் வந்து என்ன செய்தான், கதாநாயகியின் தங்கைக்குப் பிறகு ஆர் கிடைத்தது, எல்லாம் அவளுக்குத் தெரியும். "உனக்கு ஆரடி சொன்னது?" என்று பவானி கேட்டால், "நடந்திருக்கும்தானே அக்கா" என்பாள்.

3

நான் இலண்டனுக்கு வந்தது 1982 இல். பவானியும் மகளும் வந்துசேர மூன்று வருடம் பிடித்தது. அதுவரை இலண்டனின் தெற்கே நோர்பரியில் ஒரு வீட்டில் ஐந்து ஆண்கள் இருந்தோம். அந்த ஐவரில் ஒருவன்தான் கருணாகரன்.

அவனைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. குடிக்கமாட்டான். புகைக்கமாட்டான். விடிய எழும்பி, தன் கோப்பையைத் தானே கழுவி வைப்பான். தொலைபேசியின் டயலுக்கு ஒரு சின்னப் பூட்டு வாங்கிப் போட்டவனும் அவன்தான். திறப்பு அவனுடைய சேட்டுப் பையில். வீட்டுக்கு எடுக்க வேண்டுமென்றால் அவனைக் கேட்கவேண்டும். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தருவான். சில வேளை தரமாட்டான். காரணம் சொல்லமாட்டான்.

எங்களோடு சண்முகம் என்று ஒருவர் இருந்தார். ஒருநாள் அவர் கருணாகரனின் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஏழு கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், கருணாகரன் அவரோடு கதைக்கவில்லை. ஒரே அறையில் படுத்தவர்கள். ஏழாவது கிழமை நடந்ததை நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "ஞாயிறு. மழை. கருணாகரன் சண்முகத்தின் வீட்டுக் கடிதங்கள் எல்லாவற்றையும் கிழித்துக் குப்பை வாளியில் போட்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். சிரித்தான். சண்முகம் இருந்து பொறுக்கினார்."

பிறகு கருணாகரன் அவுஸ்திரேலியாவுக்குப் போனான். தானியக் களஞ்சியக் கம்பனியில் நிரந்தர வேலை. 1986 கடைசியில் என் மாமனாரிடமிருந்து கடிதம் வந்தது. வசந்திக்கு அவனைப் பேசுகிறார்கள், நீர் ஒன்றாய் இருந்தவர், விசாரித்து எழுதும் என்று. எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் வெளிநாட்டில் அவரோடு பழகிய உறவுக்காரர் ஒருவரின் கடிதம் வரவேண்டும். சாதகத்துக்கு அடுத்தபடி அந்தக் கடிதம்தான்.

மாமா கணக்காய் நான்கு கேள்விகள் கேட்டிருந்தார். குடி உண்டா? புகை உண்டா? வெள்ளைக்காரப் பெண் தொடர்பு ஏதும் உண்டா? வேலை நிரந்தரமா?

பதில் பிழையாகிவிடக்கூடாது என்று பழைய நாட்குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். அப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் வந்தது. வாசித்தேன். மூடி வைத்தேன். பிறகு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இலக்கம் போட்டு, நான்கு பதில் எழுதினேன். இல்லை. இல்லை. இல்லை. ஓம்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவனோடு ஒரு மனிசர் இருக்க ஏலுமா என்று மாமா கேட்கவில்லை. கேட்காததற்கு நான் எழுதவில்லை.

ஊர் அப்போது இருந்த நிலைமையில் ஒரு இளம் பெட்டை எப்படியாவது வெளியே போய்விட்டால் போதும் என்று நினைத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் நாட்குறிப்பு எழுதுகிறவன் முழுவதையும் எழுதவேண்டும். இந்தச் சம்பந்தம் குழம்பினால் அவளை இலண்டனுக்கு எடுப்பிக்கும் வேலை என் தலையில் வரும். கவுன்சில் தந்த ஒற்றை அறையில் நாங்கள் மூன்று பேர். குடிவரவு விசயமாக ஹோம் ஒபிஸுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராத காலம். எனக்குக் களைப்பாக இருந்தது. அதுதான் காரணம்.

4

ஆறு வருடத்தில் பதினொரு படம். எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. வற்றிய குளம். இரண்டு சகோதரர்கள் ஒரு செத்த மாட்டைப் பற்றிப் பத்து நிமிடம் சண்டை பிடிப்பார்கள். ஒருவன் வேலை தேடி ஊர் ஊராகப் போய், தொடங்கிய ஊருக்கே திரும்பி வருவான். ஒரு படத்தில் பொலிஸ்காரராக வந்தவரே பிறகு பாதிரியாராகவும் வந்தார். மீசையை மட்டும் எடுத்திருந்தார். இன்னொன்றில் ஒரே சிவப்புக் காரை மூன்று பேர் ஓட்டினார்கள். வேறு கார் கிடைத்திருக்காது. வசதியில்லாமல் எடுத்த படங்கள் என்பதால்தானோ என்னவோ, அவற்றில் ஒன்றையும் மறைக்க முடியவில்லை. கமராவை நகர்த்த ஆளில்லை. அது பார்த்துக்கொண்டே இருக்கும். நாங்களும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

பிடித்ததா என்று கேட்டால், இல்லை. ஒவ்வொன்றும் முடிந்தபின் தேநீர் குடிக்கவும் மனமில்லாமல் இருக்கும். ஆனாலும் அடுத்ததை எடுத்து வந்தேன். பவானி ஊரைப் பார்த்தாள். நான் மேசைகளில் இருக்கும் ஆண்களைப் பார்த்தேன். இந்த மனிதன் கருணாகரனைப் போல இல்லை என்று ஒரு படமாவது சொல்லாதா என்று பார்த்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

மகள் அபிராமி பள்ளியால் வந்து நடுவில் சேர்ந்துகொள்வாள். யாழ்ப்பாணத்தில் படித்த என் ஆங்கிலத்துக்கு அந்தப் பேச்சு பிடிபடாது. அவள்தான் சொல்லித் தருவாள், பாதி தமிழில், பாதி அவளுடைய மொழியில். கடற்கரை ஊர் விடுதி ஒன்றில் குளிர்காலத்தில் அறைகளைத் துப்புரவாக்கும் ஒரு பெண்ணின் படம் பார்த்தபோது அபிக்குப் பன்னிரண்டு வயது.

"ஏன் அவ அந்த ஹஸ்பண்டை விட்டிட்டுப் போகேல்லை?" என்று கேட்டாள்.

"எங்கை போறது?" என்றாள் பவானி.

"எனிவேர்."

நான், மேலே மைக் தெரிகிறது, பார் என்றேன்.

"அம்மா, அப்பாக்கு மைக் மட்டும்தான் தெரியும்," என்று அபி சொன்னாள். பவானி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நாங்கள் வசந்திக்குத் தொலைபேசி எடுப்போம். அங்கே பின்னேரம் ஆறு. கருணாகரன்தான் எடுப்பான். "நலமோ?" என்பான். பிறகு அவளிடம் கொடுப்பான். அவள் வெயிலைச் சொல்லுவாள், கோழிகளைச் சொல்லுவாள், எல்லாம் சுகம் என்பாள். பிள்ளைகள் இல்லை. அவளாக ஒருநாளும் எடுத்ததில்லை. கடிதங்களிலும் வெயில், கோழி, சுகம். ஒரு கோழி முட்டையிடவில்லை என்று ஒருமுறை நான்கு வரி எழுதியிருந்தாள். அந்த ஏரோகிராமை வாசித்தபின் இரண்டு நாள் எனக்கு வேலையில் கோப்புகளின் வரிசை பிழைத்தது. யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

5

பதினொராவது படம் போன வருடம் ஜனவரியில் பார்த்தது. யோசேப்பு அண்ணை கடையை விற்கப் போகிறார் என்று, மிச்சமிருந்த ஒன்றைச் சும்மாவே தந்துவிட்டார். "கொண்டு போம் ஐசே. உம்மைத் தவிர உதுக்கு ஆர் இருக்கினம்?"

மறுபடியும் ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு காய்ந்த ஊர். இருபத்தாறாவது நிமிடத்தில் அவன் வேலைக்குப் புறப்படுகிறான். தொப்பியை எடுக்கிறான். பிறகு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பூட்டை எடுத்துத் தொலைபேசியின் டயலில் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறான். அவள் சமையலறை வாசலில் நிற்கிறாள். கமரா பூட்டைக் கிட்டக் காட்டவில்லை. தூரத்திலேயே நிற்கிறது.

நான் ரிமோட்டை அழுத்திவிட்டேன். ஏன் அழுத்தினேன் என்று தெரியாது. படம் நடுங்கிக்கொண்டு நின்றது.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்றாள் பவானி. பிறகு, "உங்கடை நோர்பரி வீட்டிலையும் உப்பிடி ஒரு பூட்டு இருந்ததெண்டு சொன்னனீங்களெல்லோ. ஆர் போட்டது?"

"வீட்டுக்காரன்," என்றேன்.

பத்து வருடமாக நான் பொய் சொல்லவில்லை என்று என்னிடம் இருந்த ஒரே ஆறுதலும் அந்தச் சொல்லோடு போயிற்று. அதை ஒரு கண் இமைக்கும் நேரத்தில் சொன்னேன். சிரமமே இருக்கவில்லை.

அபி கதிரையில் காலை மடக்கிக்கொண்டு இருந்தாள். பதினாறு வயது ஆகப்போகிறது. வரவர எங்களோடு ஆங்கிலத்தில்தான் பதில். அன்றைக்கு ஏனோ தமிழில் தொடங்கினாள். "அப்பா, சித்தி ஏன் எங்களுக்கு எடுக்கிறேல்லை?"

"தூரமெல்லோ," என்றேன்.

"நாங்களும் தூரம்தானே. வீ கோல் ஹேர்." திரையைக் காட்டினாள். "அவ பயப்படுறா அப்பா. கான்ட் யூ சீ?"

பவானி எழும்பித் தேநீர் போடப் போனாள். அபி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படத்தைத் தொடரவிட்டேன். கடைசிக் காட்சியில் அந்தப் பெண் ஒரு பையோடு வெறும் தெருவில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறாள். தெரு இரண்டு பக்கமும் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒன்றரை நிமிடம். பஸ் வரவில்லை. பெயர்கள் ஓடத் தொடங்கின. நோட்டில் "முடிவு" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன்.

அடுத்த கிழமை பவானி அட்டை வாங்கி வந்தாள். "பத்தாவது வருசம். வடிவா எழுதுங்கோ," என்று பேனையும் தந்தாள். "என்றும் இதுபோல்" என்று தொடங்குவது என் வழக்கம். பேனையைப் பிடித்தபடி இருந்தேன். எழுத ஏலவில்லை.

6

ஒரு கணக்கை நான் பத்து வருடத்தில் ஒருநாளும் பார்க்கவில்லை. கருணாகரனுக்கு வேலை காலை ஏழிலிருந்து பின்னேரம் நான்கு வரை. மத்தியானம் பன்னிரண்டுக்குச் சாப்பிட வீட்டுக்கு வந்து அரை மணியில் போய்விடுவான். அங்கே கிழமை நாளில் ஒரு மணி என்றால் அவன் வீட்டில் இல்லை. இங்கே அது விடிய ஐந்து. நான் ஒவ்வொரு நாளும் விழித்திருக்கும் நேரம்.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும் வழியில், பார்க்கிங் ஸ்ரேசனுக்கு வெளியே உள்ள தொலைபேசிக் கூண்டுக்குள் போனேன். சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன்.

"ஹலோ."

"வசந்தி, அத்தான்."

"ஆருக்கு என்ன?" என்றாள் உடனே.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை."

"அக்கா?"

"அக்கா நித்திரை. இஞ்சை விடிய அஞ்சு மணி."

"அப்ப ஏன் எடுத்தனீங்கள்?"

தாளைப் பார்த்து வாசித்தேன். "கருணாகரனைப் பற்றி மாமா கேட்டு எழுதேக்கை நான் எல்லாத்தையும் எழுதேல்லை. நோர்பரியிலை அவன் ஒருத்தரோடை ஏழு கிழமை கதைக்காமல் இருந்தவன். அந்தாளின்ரை கடிதங்களைக் கிழிச்சவன். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதேல்லை."

அந்தப் பக்கம் கோழி ஒன்று கொக்கரிக்கும் சத்தம் கேட்டது.

"ஏழு கிழமையோ," என்றாள் வசந்தி. "என்னோடை கதைக்காமல் இது நாலாவது மாதம்."

தாளைத் திருப்பினேன். தாளில் அதற்குமேல் எழுதியிருக்கவில்லை.

"ரெலிபோனிலை பூட்டுப் போட்டிருக்கிறானோ?" என்று கடைசியில் கேட்டேன்.

"இந்த ரெலிபோனுக்குப் பூட்டு ஏலாது அத்தான், பட்டன் வைச்சது. இஞ்சையிருந்து வெளியாலை எடுக்கிறதைக் கம்பனிக்குச் சொல்லி நிப்பாட்டிப்போட்டார். வாறது மட்டும் வரும்." ஏதோ வீட்டுச் சாமான் பழுதானதைச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, "அப்பா உங்கடை கடிதத்தை என்னை இருத்தி வைச்சுத்தான் வாசிச்சவர்," என்றாள்.

"ஓமோ?"

"ஓம். எனக்கு ஆளின்ரை படத்தைப் பாத்த நேரமே மனம் ஒரு மாதிரி இருந்தது. அத்தான் வேறை ஒண்டும் எழுதேல்லையோ எண்டு அப்பாட்டைக் கேட்டனான். 'அவன் ஒரு குத்துப் புள்ளி விடாமல் எழுதிற ஆள், விசயம் இருந்தால் எழுதியிருப்பான்' எண்டார். அதுக்குப் பிறகுதான் நான் ஓமெண்டனான்."

கூண்டின் கண்ணாடியில் என் மூச்சுப் படிந்திருந்தது. வெளியே ஒருவர் காத்துக்கொண்டு நின்றார்.

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப முதல்லை அக்காவுக்குச் சொல்லுங்கோ," என்றாள். "பிறகு நான் மிச்சத்தைச் சொல்லுறன்."

அன்றைக்குத்தான் இந்த நாட்டில் முதன்முதலாக வேலைக்குப் பிந்திப் போனேன். பதினெட்டு நிமிடம்.

7

அன்று பின்னேரம் பவானி வந்து மேற்சட்டையைக் கழற்றும்போதே, 1984 நாட்குறிப்பை அந்தப் பக்கத்தில் விரித்து மேசையில் வைத்தேன். அவள் நின்றபடியே வாசித்தாள். கடிதம் எழுதும்போது இதைப் பார்த்தேன் என்றும், பூட்டைப் போட்டவன் அவன்தான் என்றும் சொன்னேன். ஒற்றை அறையைப் பற்றியும் சொன்னேன். அவள் அழவில்லை.

"கலியாணத்துக்கு முதல் நான் உங்களிட்டை ஒருக்கால் கேட்டனானெல்லோ, ஆள் எப்பிடி எண்டு."

"ஓம்."

"என்ன சொன்னனீங்கள்?"

"மாமாவுக்கு எழுதியிருக்கிறன் எண்டு."

"ஓம்," என்றாள். "அதைத்தான் சொன்னனீங்கள்." நாட்குறிப்பை மூடி என் பக்கம் தள்ளிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. "அப்பாட்டைச் சொல்லு, சோறு மேசையிலை," என்பாள் அபியிடம். "அம்மா, ஹீ இஸ் ரைட் ஹியர்," என்பாள் அபி. முதல் இரண்டு நாள் அபிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

விடிய ஐந்து மணிக்கு எழும்பி வசந்திக்கு எடுப்பது பவானியின் வேலையாயிற்று. நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெளியே போகும்போது அவள் கதவைச் சாத்திவைத்துக் கதைத்துக்கொண்டிருப்பாள். என்ன திட்டம் போட்டார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வசந்தியிடம் அவுஸ்திரேலியப் பாஸ்போர்ட் இருந்தது. விமான நிலைய அதிகாரியிடம் காட்ட, இங்கே தங்க இடம் உண்டு என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். வீட்டில் கடிதம் எழுதுகிறவன் நான். தாளை எடுத்தேன். பவானி அதை என் கைக்குக் கீழிருந்து இழுத்தாள்.

"அப்பாட்டைச் சொல்லு, இந்தக் கடிதத்தை நான் எழுதுறனாம்."

பவானி ஆங்கிலத்தில் ஏழு வரி எழுதினாள். எழுத்துகள் கோணல். இரண்டு சொல் பிழை. மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. திருத்தவில்லை.

ஏப்ரல் கடைசியில் வசந்தி வந்தாள். பதின்மூன்று வயதில் பஸ்ஸின் முன் சீற்றில் இருந்தவளுக்கு முப்பத்திரண்டு வயது, காதோரம் நரை. கையில் ஒரு பை மட்டும். என்னைக் கண்டதும், "அத்தான் மெலிஞ்சு போனீங்கள்," என்றாள். முதல் கிழமை முழுவதும் அபியின் அறையில் நித்திரை கொண்டாள். யாராவது கதவைத் தட்டினால் எழும்பி நின்றுகொண்டுதான் "வாங்கோ" என்பாள்.

ஆறு மாதம் எங்களோடு இருந்தாள், விசா அவ்வளவுதான். இப்போது திரும்ப அவுஸ்திரேலியாவில், பேர்த் நகரத்தில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறாள், தனி அறையில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் எங்களுக்கு எடுக்கிறாள். பவானி என்னோடு கதைக்கத் தொடங்கியது யூன் மாதத்தில், குளியலறைக் குழாய் வெடித்த அன்று. இப்போது கதைக்கிறாள். எல்லாம் கதைக்கிறாள். ஆனால் யாருக்காவது ஏதாவது எழுதவேண்டுமென்றால் பேனையை என்னிடம் தருவதில்லை. மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்டதில்லை. கேட்டால், அதற்கும் இலக்கம் போட்டுப் பதில் வரவேண்டும் என்று நினைக்கிறவன்போல இருக்கும்.

வசந்தி வந்த இரண்டாம் சனிக்கிழமையைச் சொல்லி நிறுத்துகிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. பவானி அப்போதும் என்னோடு கதைப்பதில்லை. பதினொராவது கிழமை.

"அத்தான், எங்கடை நாட்டுப் படமெல்லாம் பாத்து நோட்டிலை எழுதி வைச்சிருக்கிறியளாம். ஒண்டு போடுங்கோ பாப்பம்," என்றாள் வசந்தி.

வீட்டில் இருந்தது யோசேப்பு அண்ணை சும்மா தந்த அந்த ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போட்டேன். நான்கு பேரும் இருந்தோம். வசந்தி தொடக்கத்திலேயே சிரித்துவிட்டாள். "உது எங்கடை பக்கமில்லை அக்கா. உந்த மரம் அங்கை நிக்காது. எங்கடை பக்கம் இதைவிடக் காய்ஞ்சது." பவானியின் முகம் வாடியது; ஆறு வருடமாக அவள் பார்த்தது தங்கையின் ஊரை அல்ல. பூட்டுக் காட்சி வந்தது. அபி என்னைப் பார்த்தாள். வசந்தி தட்டிலிருந்து ஒரு பகோடாவை எடுத்துக் கடித்துக்கொண்டே பார்த்தாள்.

கடைசிக் காட்சி. பை, தெரு, தரிப்பிடம். ஒன்றரை நிமிடம். பெயர்கள் ஓடின. பழக்கத்தில் என் வாயில் வந்துவிட்டது.

"இவ்வளவுதான். பஸ் வராது. இந்தப் படங்களுக்கு முடிவில்லை."

"ஏன் வராது?" என்றாள் வசந்தி. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "செவ்வாயும் வெள்ளியும் வரும் அத்தான். பத்து நிமிசம் பிந்தித்தான் வரும். அந்தப் பத்து நிமிசமும் தெருவிலை வாற கார் ஒவ்வொண்டையும் பாத்துக்கொண்டு நிக்கவேணும். பிறகு வரும். பஸ் றைவர் இறங்கிப் பையை வாங்கி வைப்பார். ஒண்டும் கேக்கமாட்டார். முன் சீற்றிலை இருந்தால் வழி முழுக்கத் தெரியும்."

பவானி தங்கையின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நோட்டை எடுத்துப் பதினொராவது படத்தின் பக்கத்தைத் திருப்பினேன். "முடிவு" என்ற இடத்தில் இருந்த "இல்லை" என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினேன்: "செவ்வாய், வெள்ளி. பத்து நிமிடம் பிந்தும்."